பகிர்ந்தவர்களின் எண்ணிக்கை குறைந்த நாள்

புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

நாம் செய்துகொடுக்கிற சபைத் தளங்களின் மரண அறிவிப்புப் பகுதியில் இருக்கிற கட்டத்தைப் பற்றிப் போன வாரம் உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள். "டீச்சரே, அறிவிப்ப ஏத்தப் போனா 'வீட்டில் எல்லாருக்கும் சொல்லியாச்சா?'ண்ணு ஒரு பெட்டி நிக்குது. அதுல டிக் அடிக்காட்டி ஏறமாட்டேங்குது. இது என்னத்துக்காக்கும்? எடுத்துக் களஞ்சிரட்டா?" என்றாள். தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்றேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. பாவம், சின்னப் பிள்ளை. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான். ஓய்வு பெற்றும் அது இறங்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து காரணத்தை எழுதுகிறேன். படித்த பிறகும் எடுக்கத் தோன்றினால் எடுத்துக்கொள்ளுங்கள், நான் வந்து தடுக்கமாட்டேன்.

நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் இல்லை. ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கம்ப்யூட்டர் வந்த புதிதில் சொல்லிக்கொடுத்தேன், அன்று ஒட்டிக்கொண்ட 'டீச்சர்' இன்றுவரை உதிரவில்லை. பிறகு உதியன்குளங்கரை ஜங்ஷனில் பேக்கரிக்கு மேலே ஒரு அறை எடுத்து, வலைத்தளம் செய்துகொடுக்க உட்கார்ந்தேன். கல்யாண மண்டபம், ஸ்கூல், கோயில், சர்ச், பல் ஆஸ்பத்திரி என்று யார் வந்தாலும் செய்தோம். பாதிப் பேர் தமிழில் கேட்பார்கள், பாதிப் பேர் மலையாளத்தில் கேட்பார்கள், சிலர் ஒரே வரியில் இரண்டையும் கேட்பார்கள்.

தளத்தோடு ஒட்டவைக்கிற சின்னச் செயலிதான் பிளகின், அதைப் போடுவது பெரிய வித்தையே இல்லை. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. லைக் பட்டன், பகிர்வு பட்டன், ஏற்றுவதெல்லாம் தானாகவே முகநூல் பக்கத்துக்கும் போகிற ஏற்பாடு, எல்லாம் அப்படித்தான். எங்கே போடக்கூடாது என்பதில்தான் மண்டை காயும். ஒரு பல் டாக்டர் எல்லாப் பக்கத்திலும் பகிர்வு பட்டன் வேண்டும் என்று அடம்பிடித்தார். புகார் சொல்கிற பக்கத்தில் வேண்டாம் டாக்டர் என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. அடுத்த மாதம் அவருடைய தளத்திலேயே அதிகம் பேர் பகிர்ந்தது, பல் மாற்றிப் பிடுங்கிவிட்டார் என்ற புகாரைத்தான். அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லிச் சிரிப்போம். இன்று சொல்லப்போவது வேறு.

பாறசாலைப் பக்கம் உள்ளே தள்ளி ஒரு பழைய மிஷன் சபை. அதன் தளத்தை நாங்கள்தான் செய்தோம். சபை அலுவலகத்தில் லில்லிபாய் என்று ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு எண், ஐக்கியக் கூட்டம், கல்யாண அறிவிப்பு, மரண அறிவிப்பு எல்லாவற்றையும் அவளே ஏற்றிக்கொள்வாள். நல்ல கையெழுத்துக்காரி, சர்ச் வாசலில் இருக்கிற கரும்பலகையில் அவள் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். தளத்தில் ஏற்றுவதையும் அவள் பலகையில் எழுதுவதாகத்தான் நினைத்திருந்தாள். அதில் தவறு சொல்ல முடியாது. அதுவரை அது பலகைதான். யாராவது வந்து பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கமிட்டிக்காரர்கள் கேட்டதால் அந்தப் பலகைக்குக் கால் வைத்துக் கொடுத்தேன். தளத்தில் எது ஏறினாலும் உடனே சபையின் முகநூல் பக்கத்துக்குப் போகும். மணி அடையாளத்தை அழுத்தி வைத்தவர்களின் போனில் சத்தம் கேட்கும். சோதித்துப் பார்க்க லில்லிபாய் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த காய்கறிகளின் படம் ஒன்றை ஏற்றினாள். நாங்கள் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் வளைகுடாவிலிருந்து ஒருவன், "அந்தச் சேனை எங்க வீட்டு சேனையாக்கும்" என்று எழுதினான்.

லில்லிபாய் நெஞ்சில் கை வைத்துவிட்டாள். "என் தெய்வமே! நான் இஞ்ச ஏத்தினா அங்க மணி அடிக்குமா டீச்சரே?"

"அடிக்கும்."

"எல்லாருக்குமா?"

"மணி அழுத்தின எல்லாருக்கும்."

எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. எத்தனை தளம் செய்திருந்தாலும், உட்கார்ந்த இடத்திலிருந்து கடலுக்கு அப்பால் ஒருவனைத் திரும்பிப் பார்க்கவைப்பது சாதாரணமா? வீட்டுக்குப் போகும்போது நடையே கொஞ்சம் மிதப்பாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது நடந்து இரண்டொரு நாளில் மைக் செட் சத்தியநேசன் இறந்துபோனார்.

அவரைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. காஞ்சிரங்குளத்துக் கன்வென்ஷனா, ஒற்றசேகரமங்கலத்துக் கோயில் திருவிழாவா, தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணமா, ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது அவர்தான். சபைப் பாடகர் குழுவிலும் இருந்தார். விடியற்காலையில் நெஞ்சுவலி என்று நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பகல் ஏறும் முன்னே முடிந்துவிட்டது.

அவருக்கு ஒரே மகள், ஷைனி. வளைகுடாவில் நர்ஸ். வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவையும் டாக்டர் அதிகம் அலைய வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கணவன் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை, நினைத்தவுடன் கரைக்கு வர முடியாது. அப்பாவுக்கு வலி என்று கேட்டதுமே அவள் தனியாகக் கிளம்பிவிட்டாள். நடுவில் ஒரு ஊரில் இறங்கி வேறு விமானம் மாறி, மறுநாள் காலை திருவனந்தபுரத்தில் இறங்க வேண்டும். அவள் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் இங்கே அவர் மூச்சு நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு மரணத்தை அப்படியே சொல்வதில்லை. "சீரியஸ், உடனே வா" என்று மட்டும் சொல்வோம். வந்து இறங்கிய பிறகு, சொந்தத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். பெண்பிள்ளை என்றால் தாய்மாமன் சொல்ல வேண்டும். தனியாக அவ்வளவு தூரம் பறந்து வருகிறவர்கள் துக்கத்தைத் தலையில் சுமந்துகொண்டு வரக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. ஷைனியின் விஷயத்தில் அது வழக்கம் மட்டும் இல்லை, வயிற்றில் இருக்கிற பிள்ளையின் உயிரும்கூட. அம்மா வீட்டுக்குள் மயங்கி மயங்கி விழுந்துகொண்டிருந்தாள். அந்த நிலையிலும், "எம் பிள்ள கிட்ட ஒருத்தரும் சொல்லிராதீங்க" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாளாம்.

சர்ச்சில் துக்க மணி அடித்தார்கள். மணி அடித்தால் லில்லிபாய் பலகையில் எழுத வேண்டும், எழுதினாள். பலகையில் எழுதினால் தளத்திலும் ஏற்ற வேண்டும், ஏற்றினாள். சத்தியநேசனின் படத்தை மேலே வைத்து, 'நித்திய இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார்' என்று தலைப்புப் போட்டாள். அது அவள் கைப்பழக்கம். பலகைக்குக் கால் முளைத்தது அந்த நேரத்தில் அவள் நினைவில் இல்லை.

மேலே எங்கள் அறையில் அனில்தான் முதலில் பார்த்தான். நெய்யாற்றின்கரைப் பையன், அன்று என்னோடு வேலை பார்த்தவன். "டீச்சரே, சபைப் பக்கம் கத்திப் பிடிக்குன்னு" என்றான். பகிர்ந்தவர்கள் என்ற எண் தீப்பிடித்த மாதிரி ஏறிக்கொண்டே போயிற்று. அடியில் கண்ணீர் அஞ்சலி, ஆத்மசாந்தி, கை கூப்பின படங்கள். நானும் மனது கனத்துப்போய், அவருக்கு இவ்வளவு பேரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஷைனியை எனக்கு அப்போது தெரியாது.

அந்த நேரத்தில் மாடிப்படியில் திடுதிடுவென்று சத்தம். வந்தவர் ஞானதாஸ், செத்துப்போனவரின் மைத்துனர், ஷைனியின் தாய்மாமன். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

"எடுத்துக் களயுங்க டீச்சரே! எங்க மோளு வழியிலயாக்கும். அவ கையப் பிடிச்சு நான் சொல்லணும். போன்ல பாத்து அவ எங்கயாவது விழுந்தா ரெண்டு உசுராக்கும் போவுது!"

மூச்சு வாங்க வாங்க அவர் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அனில் மௌசில் கை வைத்துவிட்டான். "டிலீட் ஆக்கட்டே டீச்சரே?"

"தொடாதே!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

ஞானதாஸ் என்னை அடிக்க வருகிறவர் மாதிரி பார்த்தார். பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். அவசரம் என்று ஒருவர் தலைக்கு மேல் நிற்கும்போது கைக்கு முதலில் தோன்றுவதைச் செய்துவிடாதீர்கள். தளத்திலிருந்து பக்கத்தை நீக்கினால், பகிர்ந்து போனவற்றில் இருக்கிற படமும் தலைப்பும் நீங்காது. அவை முன்பே எடுத்துவைத்த நகல். அமுக்கிப் பார்க்கிறவனுக்கு 'பக்கம் இல்லை' என்று வரும். உடனே, "என்னாச்சு, மரிச்சது உள்ளதா, இல்லியா?" என்று ஆளாளுக்குக் கேட்கத் தொடங்குவார்கள். சத்தம் கூடுமே தவிர அடங்காது. பக்கத்தை அப்படியே இருக்கவிட்டு, உள்ளே இருக்கிற படத்தையும் தலைப்பையும் மாற்றி, நகலைப் புதுப்பிக்கச் சொன்னால், சபைப் பக்கத்திலிருந்து போன இடத்திலெல்லாம் பெரும்பாலும் மாறிவிடும். இதை ஞானதாஸுக்குப் புரியவைத்தேன்.

"அப்ப மாத்துங்க. சொகமாயி வாறாருண்ணு போடுங்க" என்றார்.

சபையின் பக்கம் அது. நான் என் இஷ்டத்துக்கு எழுத முடியாது. போதகருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"டீச்சரே, சபைக்க பேர்ல பொய் எழுதப்பிடாது" என்றார்.

ஞானதாஸ் போனைப் பிடுங்கினார். "ஐயா, நாளைக்குக் காலம்பற வரைக்கும்தான்! பிறவு எந்தப் பாவம் உண்டோ அத எந் தலையில போடுங்க!"

"மரிச்ச மனுஷன் சொகமாயிருக்காருண்ணு எழுதினா, அந்தப் பிள்ள அத நம்பிட்டு வருவா ஞானதாஸே. இறங்கியப்போ அவளுக்கு ரெண்டு தடவ மரிச்சது போல ஆவும்" என்றார் போதகர். பிறகு, "சத்தியநேசனின் குடும்பத்துக்காக ஜெபியுங்கள், இதப் போடுங்க. அது இண்ணைக்கும் உள்ளது, நாளைக்கும் உள்ளதாக்கும்" என்றார்.

அப்படியே போட்டோம். படம் இருந்த இடத்தில் சர்ச் கோபுரத்தை வைத்தோம். அடியில் இருந்த அஞ்சலிகளை மறைத்தோம். நகலைப் புதுப்பித்தோம். எங்கள் கையில் இருந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஊர்க்காரர்களின் போனில் இருந்தது. சொந்தமாக எழுதிப் போட்டவர்கள், குரூப்பு குரூப்பாக அனுப்பியவர்கள், மைக் செட் வைத்திருக்கிற மற்ற ஆட்கள், கோயில் கமிட்டிகள், வெளிநாட்டில் இருக்கிற சபையார். அதில் ஒன்றைக்கூட எங்களால் தொட முடியாது.

"எல்லாரும் அழிச்சுக் களயுங்கண்ணு அதுலயே ஒண்ணு போடுங்க டீச்சரே" என்றார் ஞானதாஸ்.

"போட்டா அவளும் வாசிப்பா" என்றேன்.

அவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். உலகத்துக்கே சத்தம் கேட்க வைக்கிற பொறி என் கையில் இருக்கிறது, ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் கேட்காமல் வைக்க அதற்குத் தெரியாது.

அதற்குள் லில்லிபாய் வந்து சேர்ந்திருந்தாள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்த முகம். "நான் பலகையில எழுதியது போல எண்ணிட்டேன் டீச்சரே, நான் பாவி, நான் பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. "அழுகிறது பிறவு ஆகட்டும், இப்ப ஒரு வழி சொல்லு" என்று அதட்டினேன். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"எழுத்தா ஒண்ணும் வேண்டாம் டீச்சரே. வாயால சொல்லுவோம். வீடு வீடா போவோம். தூரத்துல உள்ளவங்கள விளிச்சுப் பேசுவோம். ஒருத்தரும் ஒண்ணும் டைப் அடிக்கப்பிடாது" என்றாள்.

இவ்வளவு பேரிடம் வாயால் சொல்லி எப்போது முடிக்க? முடியாது என்றுதான் நினைத்தேன். அதை வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். லில்லிபாய் பெண்கள் ஐக்கியத்தைக் கூப்பிட்டாள். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் பைக்கை எடுத்தார்கள். ஞானதாஸ் ஒற்றசேகரமங்கலத்துக் கோயில் கமிட்டிச் செயலாளரை அழைத்தார். வருஷா வருஷம் சத்தியநேசன் குழாய் கட்டிய கோயில் அது. அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "எங்க ஆளுகள நான் பாத்துக்கிடுதேன் அண்ணே. நீங்க பிள்ளைய பாருங்க" என்று வைத்துவிட்டாராம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எண் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. பிறகு நின்றது.

பிறகு குறைந்தது.

பிள்ளைகளே, நான் அந்தத் தொழிலில் அத்தனை காலம் இருந்தேன். பகிர்ந்தவர்களின் எண் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன், ஏறாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இறங்குவதை அன்றுதான் பார்த்தேன். அனில் திரையில் விரலை வைத்து, "டீச்சரே, நோக்கு, நோக்கு" என்று முணுமுணுத்தான். ஒன்று குறையும். கொஞ்சம் நிற்கும். இன்னும் இரண்டு குறையும். ஒவ்வொரு தடவை குறையும்போதும் எங்கேயோ ஒரு வாசலில் ஒருவர் பைக்கை நிறுத்தி, ஒரு வார்த்தை சொல்லி, இன்னொருவர் போனை எடுத்து அழிக்கிறார் என்று அர்த்தம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போயிற்று. வாய் விட்டு அழுதேன், சொல்ல எனக்கென்ன வெட்கம்? ஒரு ஊர் பேசுவதைப் பார்க்கத்தான் நாம் பொறி செய்கிறோம். ஊர் வாயை மூடிக்கொள்வதை அந்தப் பொறியில் பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

எல்லாம் அடங்கிவிட்டது என்று நான் மூச்சு விட்டபோது லில்லிபாய்தான் அடுத்த குண்டைப் போட்டாள். "இது ஒண்ணுமில்லாம கிடந்தா அவளுக்கு சம்சயம் வரும் டீச்சரே. நம்ம ஆளுக ஒரு நேரம் சும்மா இருக்க மாட்டாங்கண்ணு அவளுக்குத் தெரியாதா?"

சரிதான். ஷைனி போனைத் திறந்து, ஊரில் ஒருவரும் ஒன்றும் போடவில்லை என்று பார்த்தால் அதுவே போதுமே. வழக்கம்போல எதையாவது போடுங்கள் என்ற வார்த்தையும் வாய்வழியாகப் போயிற்று. பிறகு வரத் தொடங்கின பாருங்கள்! காஞ்சிரங்குளத்தில் ஒருத்தி முற்றத்தில் பூத்த செம்பருத்தியைப் போட்டாள். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் காணாமல்போன ஆட்டுக்கு அடையாளம் சொன்னார். அவருக்கு ஆடே கிடையாது என்று பிறகு தெரிந்தது. ஷைனியோடு படித்த ஸ்டெல்லா, துக்க வீட்டு முற்றத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே, பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து, கப்பைக்கிழங்கும் மீன்கறியும் என்று போட்டாள். ஒரு வாலிபன் மழைப் படம் போட்டான். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். போதகர் அவனைக் கூப்பிட்டு, 'பழைய படம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாராம். அழுகிற வீட்டைச் சுற்றி இருந்து, அழுதுகொண்டே, ஊர் முழுக்க ஒன்றும் நடக்காததுபோல் காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் ஞானதாஸ் கூப்பிட்டார். "சொல்லியாச்சு டீச்சரே. கையப் பிடிச்சு நானே சொன்னேன். எந் தோள்ல சாஞ்சு கரஞ்சு அழுதா. ஒண்ணும் ஆவல. பிள்ளைக்கும் ஒண்ணுமில்ல." அவ்வளவு சொல்லி வைத்துவிட்டார். அனில் பழைய தலைப்பையும் சத்தியநேசனின் படத்தையும் திரும்ப வைத்தான். எண் மளமளவென்று ஏறியது. அடக்கத்துக்கு நானும் போனேன். அவ்வளவு கூட்டத்தை அந்த ரோடு தாங்கியதே பெரிய காரியம்.

அந்தக் கட்டம் அதன் பிறகுதான் வந்தது. மரண அறிவிப்பை மட்டும் பிரித்து, வீட்டார் வாயால் சரி சொன்ன பிறகே ஏறும்படி வைத்தோம். ஒரு செய்தியை யார் முதலில் கேட்க வேண்டும், யார் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்பதைப் பிளகின் செய்தவன் யோசித்திருக்க மாட்டான். அவனுக்கு நம் ஊர் தெரியாது. உங்களுக்குத் தெரியும், அதனால் நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

இவ்வளவுதான் கதை என்று பல நாள் நானும் நினைத்திருந்தேன். மிச்சத்தை ஷைனி பிறகு ஒரு நாள் சொன்னாள். மகனின் ஞானஸ்நான அறிவிப்புக்குப் படம் தர வந்திருந்தாள். கொழுகொழுவென்று பிள்ளை, என் மேஜையில் இருந்த எல்லாவற்றையும் இழுத்தான். அனில் அவனைத் தூக்கிக்கொண்டு கீழே பேக்கரிக்குப் போனபோது அவள் என் பக்கமாக நாற்காலியை நகர்த்திக்கொண்டாள்.

"டீச்சரே, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லுதேன். மாமனுக்குத் தெரியாண்டாம்" என்றாள்.

அவள் கேட்டுக்கொண்டபடியே இத்தனை நாள் நான் வாய் திறக்கவில்லை. ஞானதாஸ் போன வருஷம் காலமானார். அதன் பிறகு ஷைனியிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

"நான் அப்பவே பாத்தாச்சு டீச்சரே. ஏர்போர்ட்டுல சோதனைக்கு வரிசையில நிக்கேன், போன் அடிச்சுது. சபையில ஏதோ பாட்டுண்ணு தொறந்தேன். அப்பாக்க படம்."

நான் கையிலிருந்த ஞானஸ்நானப் படத்தை மேஜையில் வைத்தேன்.

"விழுந்திருப்பேன். பின்னால நிண்ண ஒரு பொம்பள பிடிச்சு இருத்தினா. இனி போவாண்டாம், திரும்பிரலாம்ணு இருந்தேன். பிறவு மனசு கேக்காம ஒருக்கா கூட தொறந்தேன். அப்பாக்க படத்தக் காணல. கோபுரம் நிக்குது, ஜெபியுங்கண்ணு எழுதியிருக்கு. உள்ளது சொல்லட்டா? அப்பா மரிக்கல, தப்பா போட்டுட்டாங்கண்ணு ஒரு நிமிஷம் எண்ணிட்டேன்."

"ஐயோ மோளே!" என்றேன். அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

"சாரமில்ல டீச்சரே, விடுங்க. பிறவு பாத்தா, ஒவ்வொருத்தரா போட்டதெல்லாம் மறையுது. நான் பாத்துட்டே இருக்கேன், ஒண்ணொண்ணா போவுது. அப்பதான் மனசிலாச்சு. எனக்கு வேண்டியாக்கும் எல்லாரும் அழிக்காங்க. ஒரு ஊரு முழுக்க எனக்காட்டு வாயப் பொத்திட்டு நிக்குது. அத விட்டுட்டு நான் எங்க திரும்பிப் போவ? எந்திரிச்சேன், வெள்ளம் குடிச்சேன், பிளேன்ல கேறினேன்."

அவள் சிரித்தாள். "நடுவுல இறங்கியப்போ ஸ்டெல்லாக்க கப்பையப் பாத்தேன். செத்த வீட்டுல எவடீ அடுப்பு பத்த வச்சாண்ணு ஒரே சிரிப்பு. சிரிச்சுச் சிரிச்சுக் கரஞ்சேன். பக்கத்துல இருந்தவங்க பயந்து போனாங்க."

"அப்ப உங்க மாமன் சொல்லும்போது உனக்கு முன்னாலயே..."

"மாமன் வெளிய வாசல்ல நிண்ணாரு டீச்சரே. எங் கையப் பிடிச்சாரு. வாயத் தொறக்காரு, ஒண்ணும் வரல. திரும்பத் தொறக்காரு, வரல. ராத்திரி முழுக்க நெனச்சு வச்சதெல்லாம் அவருக்கு மறந்து போச்சு. இனி கொஞ்சம் நேரம் போனா அவரு அங்கனயே விழுந்திருவாரு. அதுனால நானாக்கும் தொடங்கிக் குடுத்தேன்."

"என்ன சொன்ன?"

கீழே பேக்கரியில் அவள் மகன் எதற்கோ கத்திச் சிரிப்பது கேட்டது.

"'அப்பாக்கு இப்ப எப்படி உண்டு மாமா?'ண்ணு கேட்டேன்."